குழித்தறியும் குறுக்கு வலியும்

சேலத்தில் 1906-ஆம் ஆண்டு மதராஸ் மாகாண அரசு ஒரு கைத்தறி நெசவுக்கூடம் திறந்தது. அதன் பின்னால் இருந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராக மதராஸுக்கு வந்தவர், அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வழி திறந்தவர். நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, விசைநாடாத் தறி கொடுத்து, மணி அடித்து வேலை தொடங்கினால் துணியும் பெருகும், கூலியும் உயரும் என்று அவர் நம்பினார். கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. ஆனால் நெசவாளர்களுக்கு அந்தக் கூடம் ஒட்டவில்லை. வீட்டில் மனைவி நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றித் தருவாள், பிள்ளைகள் கைகொடுப்பார்கள், வேண்டும்போது தறியில் இறங்கலாம், வேண்டும்போது ஏறலாம். அதை விட்டுவிட்டு மணிச் சத்தத்துக்கு ஓடி வர அவர்களுக்கு மனம் வரவில்லை. சில ஆண்டுகளில் கூடம் மூடப்பட்டது.

வீட்டிலேயே செய்யும் வேலையை விட அவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வீட்டிலிருந்து வேலை பார்ப்பது உலகத்துக்கே புதிய வழக்கம் என்பதுபோல் பேசினார்கள். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவள். எங்கள் தெருவில் வேலைக்கு வெளியே போகிறவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறி இறை என்று ஒரு வரி வருகிறது. அரசு தறியை எண்ணித் தீர்வை வாங்கியது. 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கூவத்தின் கரையில் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கியபோது, நூற்பவர்களையும் நெய்பவர்களையும் சாயம் எழுதுபவர்களையும் குடும்பத்தோடுதான் குடியேற்றியது. வீடு கொடுத்தால் வேலை நடக்கும் என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் வீடுதான் வேலைக்கூடம்.

நான் இயன்முறை மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் குறுக்கு பிடித்துக்கொண்டவர்கள். முன்பு பெரும்பாலும் நெசவாளர்கள் வந்தார்கள். 2020-க்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், வீட்டுக்குத் திரும்பி, கட்டிலில் சாய்ந்து மடிக்கணினியை மடியிலேயே வைத்து வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் வலி ஒரே இடத்தில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே. அதனால்தான் இந்த வேலையின் பழைய கதையைத் தோண்ட ஆரம்பித்தேன்.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கூடத்துத் தரையில் ஒரு குழி. நெசவாளர் குழியின் விளிம்பில், ஏறக்குறையத் தரை மட்டத்தில், ஒரு பலகையில் உட்காருவார். கால்கள் குழிக்குள் தொங்கி மிதிக்கட்டைகளில் பதியும். நெய்த சேலை சுருளும் மரம் வயிற்றுக்கு எதிரே இருக்கும். பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகள், கூடத்தின் மறுகோடி வரை நீண்டு கிடக்கும். குழியின் ஈரம் நூலுக்கு நல்லது, காய்ந்த இழை சட்டென்று அறுந்துவிடும்.

எங்கள் வீட்டில் அப்பாவின் தறிக்குழி அவர் காலுக்கு வெட்டியது. உட்காரும் பலகையிலிருந்து குதிகால் வரை ஒரு கோலால் அளந்து, அந்த ஆழத்தில் மிதிக்கட்டை வருமாறு ஆசாரி அமைத்தார். அண்ணன் அதில் உட்கார்ந்து நெய்யத் தொடங்கியதும், அவன் குட்டையானவன் என்பதால், மிதிக்கட்டைக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார்கள். பலகையின் பின்பக்கத்தை அப்பா ஒரு கட்டை வைத்துக் கொஞ்சம் தூக்கியிருப்பார். மேலே நாலாக மடித்த பழைய சேலை. யாரும் அவருக்கு மருத்துவம் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய அப்பாவின் பலகையும் அப்படித்தான் இருந்ததாம்.

அந்தக் கட்டையின் பொருள் எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கீகன் என்ற அறுவை மருத்துவர், பலவிதமாக உட்கார்ந்தவர்களையும் படுத்தவர்களையும் எக்ஸ்ரே எடுத்து 1953-ல் வெளியிட்டார். தொடையும் உடம்பும் செங்கோணமாக மடங்கினால் இடுப்பின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடுகிறது. கோணம் அகன்று 135 பாகைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் அந்த வளைவு தன் நிலையில் இருக்கிறது. டென்மார்க்கில் மண்டல் என்ற அறுவை மருத்துவர், பள்ளிப் பிள்ளைகள் நாற்காலியின் முன்கால்களில் சாய்ந்தாடுவதைப் பார்த்தார். அவர்கள் சேட்டை செய்யவில்லை, இடுப்புக்கு இதம் தேடுகிறார்கள் என்று சொன்னார். முன்பக்கம் சரிந்த இருக்கையும் சாய்வான மேசையும் வேண்டும் என்று 1970-களிலிருந்து வாதாடினார். தொடை கீழே சரிந்திருக்க வேண்டும், இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்துப் பலகை அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

இதைச் சொன்னதும் பழைய முறை எல்லாமே நல்லது என்று கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சேரமாட்டேன். குழித்தறியில் இடுப்புக்குக் கிடைத்த நன்மையைக் குனிவு தின்றுவிடும். கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு ஊடை ஓடுவதால் மூன்று நாடா. ஒவ்வொரு இழைக்கும் கண் உடலும் கரையும் சேரும் இடத்திலேயே இருக்க வேண்டும். தலை தாழும், தோள் முன்னே வரும், முதுகு வில்லாகும். எல்லாத் தறிக்கூடத்திலும் வெளிச்சம் போதுமானதாக இருந்ததில்லை. வெளிச்சம் குறையக் குறையக் குனிவு கூடும். என் பெரியப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே கூன் விழுந்துவிட்டது.

இத்தாலியில் ரமசினி என்ற மருத்துவர் 1700-ல் மோடெனாவில் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1713-ல் விரிவாக்கி மறுபடியும் அச்சிட்டார். நோயாளியைப் பார்க்கும்போது, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு வற்புறுத்திச் சொன்னவர் அவர். தையல்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் திருவிழா ஊர்வலத்தில் நடந்து போவதைப் பார்த்தால் கூனும் நொண்டலுமாகத்தான் தெரிகிறது என்று எழுதினார். நெய்யும் பெண்களுக்குக் கை, கால், முதுகு என்று உடம்பின் எந்தப் பாகமும் வேலைக்குத் தப்புவதில்லை என்றும் கண்டார். எழுத்து வேலைக்காரர்களைப் பற்றி அவர் சொன்ன மூன்று காரணங்கள் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைச் செய்துகொண்டிருப்பது, தப்பு வந்துவிடுமோ என்று மனம் இறுகிக் கிடப்பது. உட்கார்ந்து வேலை செய்பவர்கள் விடுமுறை நாளிலாவது உடம்பை அசைக்க வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். எங்கள் தெருக்காரர்களை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கங்களைப் படித்தபோது பெரியப்பாவின் முதுகு என் கண்முன் வந்தது.

இங்கிலாந்தில் தறிப்பலகையின் கடினத்தால் உட்காரும் எலும்பின் மேல் நீர்ப்பை வீங்குவதற்கு நெசவாளர் பெயராலேயே ஒரு நோய்ப்பெயர் இருந்தது. அப்பாவின் மடித்த சேலை அதற்கும் மருந்து.

இனி நான் முக்கியமாக நினைப்பது. பழைய நெசவாளர் வீட்டில் ஒருவர் நாள் முழுக்கத் தறியில் உட்கார முடியாது. வேலையே அவரை எழுப்பிவிடும். ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவு தயாராக வேண்டும். விடிவதற்கு முன்பே தெருவில் கழிகளை ஊன்றி, மூன்று சேலைக்கான பட்டுப் பாவை நீள இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தோய்த்து, வெயில் ஏறுமுன் இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுக்க வேண்டும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை முறை நடப்பார்கள் என்று கணக்கே இல்லை. ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆட்கள் வருவார்கள். சேலம் பக்கத்தில் இதற்கென்றே பாவடி என்று பொது நிலம் விட்டிருந்தார்கள். இன்றும் அங்கே பள்ளிக்கூடங்களும் மைதானங்களும் அந்தப் பெயரோடு நிற்கின்றன. பாவு தறிக்கு வந்த பிறகு பழைய நுனியோடு புது இழைகளைப் பிணைக்க வேண்டும். அதற்கு வேறு விதமாக உட்கார வேண்டும். நூலைச் சாயத்துக்குக் கொண்டு போக வேண்டும், பட்டு நிறுத்து வாங்க வேண்டும், நெய்ததைக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

இந்த எழுந்து நடக்கும் வேலைகள் ஒவ்வொன்றாக நெசவாளர் கையிலிருந்து போயின. இதைத் திட்டமிட்டுச் செய்தவர் யாரும் இல்லை. பாவைத் தயார் செய்வதற்கென்றே தனி ஆட்கள் வந்தார்கள். சங்கமோ முதலாளியோ சுருட்டிய பாவையே வீட்டில் கொண்டு வந்து இறக்கினார்கள். தெருவுக்குத் தார் போட்டதும் ஸ்கூட்டரும் ஆட்டோவும் வந்தன. கழி ஊன்ற இடமில்லை. நேரம் மிச்சம் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சிதான், அந்த மகிழ்ச்சியில் தவறும் இல்லை. கூலி சேலைக்கு இவ்வளவு என்று இருக்கும்போது, மிச்சமான நேரமெல்லாம் தறிக்குழிக்குள்தான் போகும். அப்பா இளமையில் வாரத்தில் ஒரு பொழுது முழுக்கத் தெருவில் நின்றவர். அறுபது வயதில் காலை டிபனுக்குப் பிறகு குழியில் இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார்.

விசைநாடாவின் கதையும் இதே மாதிரிதான். லங்காஷயரில் ஜான் கே 1733-ல் கண்டுபிடித்தது அது. கையால் நாடா எறியும்போது உடம்பு இடமும் வலமும் சாயும், துணியின் அகலம் கை எட்டும் தூரத்தோடு நிற்கும். விசைநாடா வந்ததும் ஒரு கயிற்றை வெட்டி இழுத்தால் போதும். துணி பெருகியது. உடம்பு நடுவில் நிலையாக நின்றுவிட்டது. புட்டா போடப் பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி எங்கள் தெருவுக்கு வந்தபோது இன்னொன்று கூடியது. பெட்டியைத் தூக்கும் பாரம் முழுவதும் மிதிக்கட்டையில் இறங்கியது, அதுவும் பெரும்பாலும் ஒரே காலில். புட்டா அதிகமானால் பாரமும் அதிகம். ஒரு பக்க இடுப்பு மட்டும் இறுகிப்போய் வருகிறவரைப் பார்த்தால், ஜக்கார்டு மிதிப்பது எந்தக் கால் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

முதுகுக்குள் என்ன நடக்கிறது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சுவீடனில் நாக்கெம்சன் 1960-களில் முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுக்குள், டிஸ்க் என்று எல்லோரும் சொல்வது, ஊசி செலுத்தி அழுத்தம் அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்றார். உட்காருவதே பாவம் என்ற பேச்சு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் வட்டில் அளவுமானி பொருத்தி, அவர் அன்றாடம் செய்யும் எல்லாவற்றையும் செய்ய வைத்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். தளர்வாக உட்காரும்போது 0.46, நிற்பதைவிடக் கொஞ்சம் குறைவுதான். நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்தால் 0.27. உட்கார்ந்தபடி முழுக்க முன்னே குனிந்தால் 0.83. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3. ஒரே ஒருவரின் முதுகு என்பதால் இதை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆனால் உட்காருவதைவிடக் குனிவும், வளைந்து தூக்குவதும்தான் வட்டை நெருக்குகின்றன என்பது, தறிக்காரர்கள் என்னிடம் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் தெருவின் நெடுநாள் நம்பிக்கை. மருத்துவர்களும் அதையேதான் எழுதிக் கொடுத்தார்கள். 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் அதைச் சோதித்தார்கள். திடீரென்று இடுப்பு பிடித்தவர்களில் ஒரு குழுவை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள், ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், இன்னொரு குழுவை வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டத்தைத் தொடரச் சொன்னார்கள். நடமாடிக்கொண்டே இருந்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். படுத்தவர்கள் தேறத்தான் அதிக நாளானது. இதைத் தமிழில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. பிடிப்பு வந்த முதல் நாள் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் கொஞ்ச நேரம் இளைப்பாறுங்கள். பிறகு மெல்ல எழுந்து வீட்டுக்குள்ளேயாவது நடங்கள். ஒரு எச்சரிக்கையை மட்டும் தட்டிவிடக் கூடாது. காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் வலியும், விழுந்த பிறகு வரும் வலியும் வீட்டு வைத்தியத்துக்குரியவை அல்ல.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்பா தறியிலும் மகள் மடிக்கணினியிலும் வேலை பார்க்கிறார்கள். தறி இருக்கும் கூடத்தின் ஓரத்தில் பாயில் சம்மணமிட்டு, ஸ்டூலின் மேல் கணினியை வைத்து, ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொடங்கிய வலி இடுப்புக்கு வந்து, ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் போன பிறகுதான் என்னிடம் வந்தாள். நான் போய்ப் பார்த்தேன். பலகைக்கும் மிதிக்கட்டைக்கும் அளவு எடுத்த ஆசாரியின் மகன் அங்கே ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, இந்தப் பொண்ணுக்கும் தறிக்கு எடுக்கிற மாதிரி அளவு எடுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோலை எடுத்துக்கொண்டு வந்தார். குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, நாற்காலியின் உயரத்தை அதைவிட ஒரு விரற்கடை கூட வைத்தார். உட்கார்ந்து கையை மடக்கினால் முழங்கை நிற்கும் உயரத்தில் மேசை. கண்ணுக்கு நேராகத் திரை வர, கணினிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி, தட்டச்சுப் பலகை தனியாக. இடுப்பின் வளைவுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று. கடையில் விலை போட்டு விற்கும் நாற்காலி எதுவும் அந்த வீட்டுக்கு வரவில்லை.

ஆனால் அளவு பாதிதான். தெருப் பாவு செய்ததை அவளுக்குச் செய்ய வேறு வழி வேண்டியிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழ வேண்டும் என்று சொன்னால் யாரும் எழுவதில்லை, எனக்கு அது அனுபவம். எழுவதற்கு ஒரு வேலை வேண்டும். அப்பாவுக்குத் தார் தீரும்போது எடுத்துக் கொடுப்பது அவள் வேலை என்று வைத்தோம். போனில் பேச வேண்டியதையெல்லாம் கூடத்தில் நடந்தபடி பேசுவது என்று முடிவாயிற்று. மாலையில் அப்பாவும் மகளும் கச்சபேஸ்வரர் கோயில் வரை நடந்து வருகிறார்கள். வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

அரசும் சங்கங்களும் சும்மா இல்லை. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி வாரக்கணக்கில் தறி நிற்பது காஞ்சிபுரத்தில் எல்லோரும் கண்ட துயரம். தரைக்கு மேலே மேடை கட்டி உயர்த்திய தறிகள் அதற்கு ஒரு தீர்வாக வந்தன. அதில் ஏறி இறங்குவதும் முதியவர்களுக்கு எளிது. ஜக்கார்டைத் தூக்க மோட்டாரும் வந்திருக்கிறது. அதைப் பொருத்திக்கொண்ட வீடுகளில் கால்வலிப் புகார் குறைந்ததை நானே பார்க்கிறேன். அதை எல்லாத் தறிக்கும் கொடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது.

யாரும் அளவெடுக்காத வேலை ஒன்று மிஞ்சியிருக்கிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள், அவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். தறியில் உட்காருகிறவருக்குக் குழி உண்டு, பலகை உண்டு. பக்கத்தில் தார் சுற்றுகிற பெண்ணுக்கு வெறுந்தரைதான். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இடது கையில் நூலைப் பிடித்து, வலது கையால் ராட்டையைச் சுற்றி, உடம்பு எப்போதும் ஒரு பக்கமாகத் திருகியே இருக்கும். சமையலுக்கும் தண்ணீருக்கும் நடுவே செய்கிற வேலை என்பதால் அது வேலை என்றே கணக்கில் வருவதில்லை, அந்த வலியும் வீட்டில் பேச்சில் வருவதில்லை. மருத்துவ முகாம்களில் கண்ணைப் பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். தார் சுற்றும் இடத்தை வந்து பார்த்தவரை நான் கண்டதில்லை.

அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆனபோது அந்த ஆசாரி மகனிடமே சொல்லி, ராட்டையை ஒரு மேடையில் ஏற்றி, அதற்கேற்ற உயரத்தில் முன்பக்கம் சரிந்த ஒரு பலகை செய்து கொடுத்தோம். இரண்டு காலும் தரையில் பதிகிறது, உடம்பு நேரே பார்க்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள். பழைய தறியிலிருந்து கழித்த மரத்திலேயே செய்யலாம், பெரிய செலவு இல்லை. நெசவாளர் சங்கங்கள் இதைத் தங்கள் செலவில் செய்து கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.